கசட்டில் சொன்ன கிணறு

நான் சொன்னது "ஓம்" என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் என் மகன் றிஸ்வான் என்னை ஓமான் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான்.

மகன் கலியாணம் முடித்தது பொத்துவிலில். அறுகம்பைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பான், உடைந்ததைத் திருத்துவான். வருடா வருடம் வந்து தங்குகிற ஒரு வெள்ளைக்காரி, தானும் ஏழு கூட்டாளிகளும் பாலைவனத்தில் சைக்கிள் ஓடி லீவு கழிக்கப் போவதாக அவனிடம் சொல்லியிருக்கிறாள். முதலே போய் வழியைப் பார்த்து, தங்குமிடம் ஒழுங்கு செய்து, பிறகு கூடவே வந்து சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றாளாம். "என்ட உம்மா ஓமானில பதினொரு வருஷம் இருந்தவ. பாலைவனமும் தெரியும், பாஷையும் தெரியும்" என்று இவன் பொறுப்பெடுத்துவிட்டான்.

பிறகுதான் சாய்ந்தமருதுக்கு வந்தான். நான் மகள் வீட்டுப் பின்னறையில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இந்தா உம்மா, பீர் எண்டு தொடங்கிற ஊர் ஒண்டு மணலுக்குள்ள கெடக்கு. அரபில பீர் எண்டா கிணறுதானே? கசட்டில நீங்க சொன்ன கிணத்தடி இதானே?"

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு "ஓம்" என்றேன். அவன் அப்படி என் பக்கத்தில் வந்து குந்தியிருந்து ஒன்றைக் கேட்டது எனக்கு ஞாபகத்தில் இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கிணறு எங்குமே இல்லை. அதை உண்டாக்கியது நான்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை இல்லை. பிள்ளைகளின் வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்ட வருடம் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. மகளின் வீட்டுக்காக நான் மஸ்கட்டுக்குப் பணிப்பெண் வேலைக்குப் போனேன். எனக்கு மூத்த ராத்தா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டா. கடிதம் எழுத எனக்குக் கை ஓடாது. கசட்டில் பேசிப் பதிந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்து ஊருக்கு வருகிறவர்களிடம் மதிலுக்கு மேலால் கொடுத்துவிடுவேன். கசட் வந்தால் அயலட்டையெல்லாம் கூடியிருந்து கேட்கிறார்கள் என்று ராத்தா சொல்லி அனுப்பினா. அத்தனை பேர் கேட்கிற கசட்டில் கக்கூசு கழுவுகிற கதையையா சொல்வது?

மாரி காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரமடித்து இருந்துவிட்டு வருவார்கள். என்னை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். வீட்டில் சத்தமில்லாத அந்த நாட்களில்தான் நான் கசட்டில் கதைப்பேன். "மகன், நாங்க இப்ப பாலைவனத்தில இரிக்கிறம்" என்று தொடங்குவேன். கல்லுக் கட்டிய கிணறு ஒன்று வைத்தேன். அதன் மேல் சாய்ந்த மரம் ஒன்று. நீலக் கதவு போட்ட சின்னத் தொழுகைப் பள்ளி. ஓர் ஒட்டகத்துக்கு மகனுடைய செல்லப் பேரையே வைத்தேன். அவர்கள் திரும்பி வந்ததும் கம்பளங்களைப் பின் முற்றத்து மதிலுக்குள் உதறுவதும், உடுப்பிலிருந்த மணலால் அடைபட்ட தண்ணீர்ப் பீலியைக் கம்பியால் குத்துவதும் என் வேலை. நான் கண்ட பாலைவனம் அவ்வளவுதான்.

மகளுக்கு வீடு கிடைத்தது. மகனுக்குக் கசட் கிடைத்தது. நான் வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. "அங்க அவ்வளவு சந்தோஷமா இரிந்த நீங்க, ஏன் வந்தீங்க?" என்று ஒரு தரம் கேட்டான். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மற்றதைப் பற்றியும் அதிகம் கதைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் இந்தப் பயணமும் இல்லை, என் பக்கத்தில் குந்தியிருக்கிற மகனும் இல்லை. சொல்லாவிட்டால் அவனே போய்க் கண்டுகொள்வான். விமானத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பாடு கொண்டு வந்தார்கள். பிறகு விளக்கை அணைத்தார்கள். பிறகு இறங்கச் சொன்னார்கள்.

முதல் நாள் மஸ்கட்டில் வாடகைக்கு ஒரு வாகனம் எடுத்தான். அங்கே வலப்பக்கத்தால் ஓட வேண்டும். முதல் சுற்றுவட்டத்திலேயே பொத்துவில் பழக்கத்துக்கு இடப்பக்கத்தால் நுழைந்துவிட்டான். எதிரே வந்த லொறிக்காரன் கைகள் இரண்டையும் தூக்கி எங்களுக்குத் துஆ கேட்பது போல நின்றான். நான் கலிமா சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோது ஒரு பேரீச்ச மரத்தடியில் நின்றோம்.

"பயந்திட்டீங்களா உம்மா? இனி நீங்க வழி சொல்லுங்க. நல்ல சாப்பாட்டுக்கடை எங்க இரிக்கு?"

"நான் இருந்த காலத்தில இருந்த கடையெல்லாம் இப்ப இல்ல போல மகன்" என்றேன்.

அந்த ஊரைச் சுற்றிக் கறுத்த மொட்டை மலைகள் நிற்கின்றன. பதினொரு வருடம் இருந்த ஊரில் மலை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைப் பார்த்து ஆச்சரியப்படவும் எனக்கு வழியில்லை. முன்பே பார்த்தவள் போல மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கடையில் ஆட்டிறைச்சிச் சோறு பெரிய சகன் தட்டில் வந்தது. நல்ல வாசம். ஆனால் தேங்காய்ப்பால் பழகிய வாய்க்கு எதுவோ மறந்துபோன மாதிரி இருந்தது. பையிலிருந்த மாசிச் சம்பல் போத்தலை எடுத்து வைத்தேன். மகன் பாதிப் போத்தலை முடித்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள் உள்நாட்டுப் பக்கம் போனோம். மகன் ஒவ்வொரு ஏற்றத்திலும் வாகனத்தை நிறுத்திக் கொப்பியில் குறிப்பான். எங்கே நிழல், எங்கே தார் உடைந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது. சைக்கிளில் ஏறியிருக்கிறவன் கண்ணால் ரோட்டைப் பார்க்கிறான் என்று விளங்கியது. அவன் வேலையை அவ்வளவு கிட்ட இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ரோட்டோரம் ஒரு தேத்தண்ணிக் கடை. வெளியே இரண்டு ஓமானிக் கிழவர்கள் கைத்தடியோடு இருந்தார்கள். "இனி எங்க தண்ணி கிடைக்கும், ஆக்கள் படுக்கிறதுக்கு இடம் இரிக்குமா எண்டு கேளுங்க உம்மா" என்று மகன் என்னை முன்னால் விட்டான். ஆண்களுக்கு முன்னால் நின்று கதைத்தே பழக்கமில்லாதவள் நான். முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன்.

கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் கடைக்காரரைக் கூப்பிட்டு என்னவோ கேட்டார். கடைக்காரர் கேரளத்து ஆள். கொஞ்சம் தமிழ் வரும். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொல்றாரு காக்கா?" என்று மகன் கடைக்காரரைக் கேட்டான்.

"'இந்த அம்மா எனக்கு எஜமானியா? தண்ணி கொண்டு வா, ஓடி வா, இங்கே படுன்னு எனக்கு உத்தரவு போடுறாங்களே'ன்னு கேக்கிறார்."

என் காதெல்லாம் சுட்டது. பதினொரு வருடமும் என்னோடு யாரும் ஒன்றை விசாரித்துக் கதைக்கவில்லை. கொண்டு வா, எடுத்துப் போ, துடை, வாயை மூடு. இதைத்தான் கேட்டேன், இதைத்தான் படித்தேன். ஒருவரிடம் பணிவாக ஒன்றைக் கேட்கிற அரபி எனக்குத் தெரியாது.

மகனுக்கு வழி முழுக்கச் சிரிப்பு. "கிழவர் ரெண்டு பேரும் பயந்து எழும்பப் பாத்தாங்க உம்மா! வெள்ளைக்காரங்கள இப்படி ஏவினீங்கண்டா எட்டுப் பேரும் அடுத்த பிளேன்ல போயிடுவாங்க."

நானும் சிரித்தேன். யன்னல் பக்கம் திரும்பித்தான் சிரிக்க முடிந்தது.

"அங்க எல்லாரோடயும் நல்லாக் கதைப்பன் எண்டு சொன்னீங்களே?" என்று சிறிது நேரத்துக்குப் பிறகு கேட்டான்.

"மறந்து போச்சு மகன். எவ்வளவு காலம்."

அன்றைக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மணல் தொடங்கியது. எங்கள் ஊருக்குக் கிட்ட ஒலுவில் பக்கம் கடல் கரையைத் தின்று தின்று தென்னைகளை விழுத்துகிறது. இங்கே மணல் வந்து ரோட்டைத் தின்கிறது. தார் இருக்கிற இடமும் இல்லாத இடமும் தெரியவில்லை. பிறகு ஒரு வளைவில் திரும்பினோம். சிவந்த மணல் குன்று குன்றாக, உலரப் போட்ட பெரிய சீலையின் மடிப்பு மாதிரி, கண் எட்டுகிற வரைக்கும் கிடந்தது. "யா அல்லாஹ்" என்று நெஞ்சுக்குள் வந்ததை விழுங்கினேன். அந்த நிறத்தை மட்டும் எனக்கு அடையாளம் தெரிந்தது. என் வாளியிலிருந்து ஊற்றிய தண்ணீரின் நிறம்.

"மூணாம் நாள் இரவு கிணத்தடியில தங்குறது" என்று மகன் கொப்பியைத் தட்டிச் சொன்னான். "அதத்தான் அவங்க ஆசையாக் கேக்கிறாங்க. மத்ததெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்ல, அந்த இடம் சரியா அமையோணும்."

போன் காட்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பெற்றோல் நிலையம். கம்பி வேலி. வேலிக்குள்ளே வரிசையாகத் தண்ணீர் ஏற்றுகிற பவுசர் வண்டிகள். இரண்டு ஆடுகள் ஒரு காட்போட் பெட்டியை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன.

மகன் இறங்கி அந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நாற்பத்தைந்து வயது ஆள், பேரப்பிள்ளை காண இன்னும் கொஞ்சக் காலந்தான், வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தான்.

"மரம் எங்க உம்மா? பள்ளி எந்தப் பக்கம்?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் என் கை வாயை முந்திக்கொண்டது. விரலை நீட்டி, "அங்கால" என்றேன்.

அந்தப் பக்கம் மணலில் ஒரு தடம் போனது. அதில் வாகனத்தை விட்டான். கால் மணித்தியாலம் போனோம். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றான். "கிட்டத்தான்" என்றேன். அந்தச் சொல் வாயை விட்டுப் போக முன்னம் முன் சில்லு இரண்டும் புதைந்தன. அவன் முடுக்க முடுக்க வாகனம் கீழேதான் போனது.

போனில் தொடர்பில்லை. இரண்டு போத்தல் தண்ணீர் இருந்தது. மகன் சகன் அளவிலான ஒரு தட்டால் மணலை அள்ளினான். அள்ள அள்ளச் சரிந்து வந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. "நீங்க நிழல்ல இரிங்க உம்மா, தண்ணியக் குடிங்க" என்றான். நான் பொய் சொல்லிக் கொண்டு வந்து போட்ட இடத்தில் எனக்கு நிழல் பார்த்தான். நான் போத்தலை மூடி அவனுக்கென்று வைத்தேன்.

நண்பகல் லுஹர் தொழுகை நேரம் தாண்டி ஒரு பழைய பிக்கப் வாகனம் மேட்டால் இறங்கி வந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண். என் வயதிருக்கும். மூக்குக்கு மேலே தடித்து நிற்கிற கறுப்பு முகமூடி, அதற்குள்ளால் இரண்டு கண். இறங்கினா, பார்த்தா, மகனை ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கக் கை காட்டினா. பிறகு குனிந்து, எங்கள் வாகனத்தின் டயர்களில் காற்றைத் திறந்து விடத் தொடங்கினா.

"ஐயோ, காத்த விடாதீங்க! உம்மா, சொல்லுங்க, காத்த விட வேணாம் எண்டு சொல்லுங்க!" என்று மகன் தமிழில் கத்தினான். வாழ்நாள் முழுக்கக் காற்றடித்துப் பிழைத்தவன். கையைப் பிடிக்க ஓடியவன், பெண் என்று நினைவு வந்து பாதி வழியில் நின்று துள்ளினான். அந்த மனிசி நாலு டயரையும் சப்பையாக்கி, கயிறு கட்டி ஒரே இழுவையில் எங்களை வெளியே எடுத்தா.

"மணலில் கனமில்லாமல் நடக்க வேண்டும்" என்று டயரைக் காட்டிச் சொன்னா. நான் அதை மகனுக்குத் தமிழில் சொன்னதும் அவன் கொப்பியை எடுத்து எழுதினான். சைக்கிளுக்கு அகலமான டயர், குறைந்த காற்று.

பிறகு என்னிடம் திரும்பினா. "இந்தப் பக்கம் ஒன்றுமில்லையே. எங்கே போகிறீர்கள்?"

மகன் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு அரபி விளங்காது. அந்தத் தைரியத்தில் எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டினேன். பிள்ளை. பொய். கிணறு இல்லை. நான் இங்கே இல்லை. நான் வீட்டு வேலை. கதவு பூட்டு. பொய் என்ற சொல்லை நான் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் நாளும் பொழுதும் பொய்க்காரி என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அவ சிரித்தா. முகமூடிக்குள்ளால் சிரிப்பு இருமல் மாதிரி வந்தது. "மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிறான், இன்னும் கிணறு தேடுகிறானா? அவனுக்குச் சொல். இல்லாவிட்டால் அவனே தோண்டத் தொடங்கிவிடுவான்."

தன் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஈச்ச மட்டையால் கட்டிய இரண்டு கொட்டில், ஆட்டுப் பட்டி, ஒரு நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி. பாயில் இருத்திப் பேரீச்சம்பழமும் கோப்பியும் தந்தா. சின்னக் கோப்பை முடிய முடிய ஊற்றினா. நானும் குடித்துக்கொண்டே இருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ, என் கையைப் பிடித்துக் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினா. போதும் என்றால் ஆட்ட வேண்டுமாம். பதினொரு வருடம் அந்தக் கோப்பியை ஊற்றியவள் நான். எப்போதும் குனிந்து கேத்தலைத்தான் பார்த்தேன். எனக்கு யாரும் ஊற்றியதில்லை.

எட்டுப் பேர், சோறு, இறைச்சி, தண்ணீர், படுக்கை என்று கேட்க என் அரபி போதுமாக இருந்தது. எல்லாம் வீட்டு வேலைச் சொற்கள்தானே. பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே, வரட்டும் என்றா. மகனுக்கு முகம் மலர்ந்தது. கொட்டிலைச் சுற்றிப் பார்த்தான். மேட்டைப் பார்த்தான்.

"அப்ப கிணத்த மூடிட்டாங்களா உம்மா? எந்த இடத்தில இருந்த?"

அந்த மனிசி என்னைப் பார்த்தா. நான் கோப்பையை வைத்தேன்.

"மூடல்ல மகன். கிணறு இல்ல."

"இல்ல எண்டா?"

"எப்பவுமே இல்ல. நான் இஞ்ச வந்ததே இல்ல. வீட்டுக்காரங்கதான் வருவாங்க. என்னை வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டிட்டு வருவாங்க. பூட்டின வீட்டுக்குள்ள இருந்துதான் உங்களுக்கு அதெல்லாம் சொன்னன்."

அவன் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"சாஞ்ச மரம்?"

"இல்ல மகன்."

"நீலக் கதவு?"

"இல்ல."

"என்ட பேர் வெச்ச ஒட்டகம்?"

"அதுவும் இல்ல."

எழும்பி ஆட்டுப் பட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். குரல் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷம் ரெண்டு வருஷமா ஒப்பந்தத்தில கையெழுத்துப் போட்டு நிண்டீங்க. தங்கச்சிக்கு வீடு கட்டத்தான் எண்டு பெரியம்மா சொன்னா. நான் நம்பல்ல. உம்மாக்கு அந்த இடம் புடிச்சிட்டு, அதான் வராம நிக்கிறா எண்டு நினைச்சன். கசட்ல உங்கட குரல் அப்படி இரிக்கும். பள்ளிக்கூடத்தில பொடியனுகள்ட்ட அந்தக் கிணத்தப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டு, வீட்ட வந்து உங்களத் திட்டுவன்." கொப்பியை மூடினான். "இவ்வளவு கால வெறுப்பையும் இப்ப எங்க கொண்டு போய்க் கொட்டுற உம்மா?"

அயலட்டைக்கு முன்னால் வெட்கப்படாமல் இருக்க நான் சொன்ன கதை, ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து அவன் உம்மாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவன் அழுது கேட்டிருந்தால் நான் ஒரு வேளை வந்திருப்பேன். சந்தோஷமாக இருக்கிற உம்மாவைப் பார்த்து எந்தப் பிள்ளை அழும்?

நாலாம் நாள் திரும்பி வந்தோம். "பெல்ட்டப் போடுங்க" என்றதைத் தவிர அவன் கதைக்கவில்லை. சாப்பிடும்போது சம்பல் போத்தலைத் தொடவில்லை. தொடர்பு கிடைத்த இடத்தில் வெள்ளைக்காரிக்கு எழுதினான். கிணறு இல்லை, தண்ணீர்த் தாங்கிதான் இருக்கிறது என்று. உடனே பதில் வந்தது. வாசித்துவிட்டுப் போனை மடியில் போட்டான்.

"என்னவாம்?" என்றேன்.

"கிணறா, எந்தக் கிணறு எண்டு கேக்கிறா. குளிக்கத் தண்ணி இரிந்தாக் காணுமாம்."

கிணறு வேண்டுமென்று நின்றது யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஐந்தாம் நாள் பின்னேரம் விமானம். ஊருக்கென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் ஒரு பை தோடம்பழமும் வாங்கினோம். மகன் வாகனத்தை எடுக்காமல் இருந்தான்.

"அந்த வீட்டக் காட்டுங்க" என்றான்.

பகுதியின் பேர் மட்டும் தெரியும். அங்கே போனால் எல்லாம் ஒரே வெள்ளை மதில், ஒரே மாதிரி இரும்புக் கேற். அந்த வீட்டின் குசினியில் எத்தனை தட்டு, படியில் எந்தக் கல் உடைந்தது, எல்லாம் சொல்வேன். ஆனால் வீட்டை வெளியிலிருந்து நான் பார்த்தது இரண்டு தரம். வந்த அன்று இருட்டு. போன அன்று அழுகை. தெருத் தெருவாகப் போனோம். "இதா?" என்பான். "தெரியல்ல மகன்" என்பேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வாகனத்தை நிறுத்தி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பதினொரு வருஷம் இருந்த வீடு. தெரியாதா? இல்ல, இதுவும் கசட்டுக்குச் சொன்ன கதையா உம்மா?"

பொய் சொன்னபோது அவன் என்னை நம்பினான். உண்மைக்குச் சாட்சியாகக் காட்ட என்னிடம் ஒரு மதில்கூட இல்லை. உள்ளே பூட்டி வைத்தவர்கள் அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கோபத்தோடு இறங்கி, பக்கத்திலிருந்த கேற்றின் மணியை அழுத்தினான். வீட்டுக்காரரின் பேரைச் சொல்லி விசாரிக்கத்தான். கேற் திறக்கவில்லை. கன நேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் இங்கிலீசில் வந்தது. மகன் பதில் சொன்னான். மறுபடியும் குரல் வந்தது. அவன் அப்படியே நின்றான்.

திரும்பி வந்து என் பக்கத்து யன்னலருகில் நின்றான். "எசமானி இல்லியாம். திறக்க ஏலாதாம். சாவி அவங்ககிட்டயாம்" என்றான். "முந்தாநாள் போனவங்களாம். எப்ப வருவாங்க எண்டு தெரியாதாம்."

அவன் பின்பக்கத்தைத் திறந்து தோடம்பழப் பையை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனான். கீழே ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. குனிந்து ஒரு பழத்தை உருட்டப் பார்த்தான். நான் இறங்கி ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டந்தான்.

"தோடம்பழம் வேணாம் மகன்!"

"ஏன்?"

"தோல எங்க போடுவா? எசமானி வந்து குப்பையத்தான் முதல்ல பாப்பா. ஆரு தந்த, ஆருக்குக் கதவு திறந்த எண்டு கேப்பா. அடியும் விழும்."

அவன் கையில் பழத்தோடு என்னைப் பார்த்தான். நான் போய்ப் பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்து வந்து கேற்றடியில் நிலத்தில் இருந்தேன். ஒவ்வொரு பழமாகப் பிளந்து, கொட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சதையை இடைவெளியால் நீட்டினேன். உள்ளேயிருந்து விரல்கள் வந்து எடுத்தன. எந்த நாட்டுப் பிள்ளையோ. நகத்தடியெல்லாம் குளோரினில் ஊறி வெளுத்திருந்தது. சுணங்காமல் தின்றாள். அவசரமாகத் தின்கிறவளுக்கு எந்த வேகத்தில் நீட்ட வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்தது.

மகன் எனக்கு எதிரே குந்தியிருந்தான். எப்போது தொடங்கினான் என்று நான் பார்க்கவில்லை. கிறீஸ் ஏறிய விரலால் அவனும் பழத்தைப் பிளந்து என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"எத்தின நாளைக்கு உம்மா?" என்றான், முகத்தைத் தூக்காமல்.

"முதல்ல நாலு நாள். பிறகு பிறகு ஒரு கிழமை."

"சாப்பாடு?"

"அரிசி வெச்சிட்டுப் போவாங்க. அளந்து."

"அளந்தா?"

"ஓம். அளந்து."

பெட்டி முடிந்ததும் விரல்கள் உள்ளே போய்விட்டன. நான் மடியிலிருந்த கொட்டைகளைக் கைலேஞ்சித் துண்டில் முடிந்தேன். கேற்றடியைக் கையால் தடவி ஒன்றும் விழவில்லை என்று பார்த்துக்கொண்டு எழும்பினேன். கண் முன்னைய மாதிரி இல்லை. மதிலோரம் ஒரு கொட்டை உருண்டு கிடந்ததை நான் காணவில்லை.

மகன் திரும்பிப் போய்க் குனிந்து அதை எடுத்தான்.